கல்லறைக்கு யாரிடம் அனுமதி கேட்டீர்கள்?

கல்லூரி மாணவர்களுடன் ஒரு வாசிப்பு வட்டத்தில் பேசிக்கொண்டிருந்தேன். ஜப்பானில் குடும்பக் கல்லறைகளைக்கூட மொபைல் விளையாட்டுக்கான இடங்களாகக் குறித்து வைக்கிறார்கள் என்று சொன்னபோது ஒரு தம்பி கேட்டார்: “அதனால என்னக்கா? செத்தவங்களுக்கு வலிக்கவா போகுது? கல்லை யாரும் தொடக்கூட இல்லையே!” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. அவருக்கு நான் பதில் சொல்லவே இல்லை. இந்தப் பதிவு அந்தப் பதில்.

முதலில் இந்த விளையாட்டு எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். 2012-ல் கூகுளுக்குள் இருந்த நயாண்டிக் என்ற பிரிவு ‘இங்க்ரெஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. வீட்டில் உட்கார்ந்து ஆட முடியாது. தெருவில் இறங்கி நடக்க வேண்டும். சிலை, கோயில், நினைவுக்கல் என்று நிஜ உலகத்தில் இருக்கும் பொருட்கள்தான் அதில் ‘போர்ட்டல்’கள். அவற்றை நிறுவனம் சம்பளம் கொடுத்துத் தேடவில்லை. ஆடுபவர்களே படம் எடுத்து, பெயரும் விவரமும் எழுதி அனுப்பினார்கள். 2016-ல் ‘போக்கிமான் கோ’ வந்தபோது அந்தப் பட்டியல்தான் அதற்கும் அடித்தளம். பிறகு, புதிதாக வரும் பரிந்துரைகளைச் சரிபார்க்கும் வேலையும் ஆடுபவர்கள் கைக்கே வந்தது. எங்கோ ஒரு நகரத்தில் இருப்பவர் திரையில் ஒரு படத்தைப் பார்த்து ‘சரி’ என்று அழுத்தினால் போதும்.

இந்தச் சங்கிலியில் ஒருவர் மட்டும் இல்லை. அந்தக் கல்லுக்குச் சொந்தமானவர்.

ஜப்பானியக் குடும்பக் கல்லறை என்பது தனி ஒருவருடைய சமாதி அல்ல. உடலை எரித்தபின் எலும்பையும் சாம்பலையும் ஒரு கலயத்தில் வைத்து, கல்லுக்கு அடியில் இருக்கும் அறையில் வைக்கிறார்கள். தாத்தா, பாட்டி, அப்பா, சிறு வயதில் இறந்த குழந்தை என்று தலைமுறைகள் அங்கே சேர்ந்து இருக்கின்றன. கல்லின் முகப்பில் ‘இன்ன குடும்பத்தின் கல்லறை’ என்று குடும்பப் பெயர் செதுக்கப்பட்டிருக்கும். ஓபோன் நாட்களிலும், மார்ச், செப்டம்பரில் வரும் ஹிகான் நாட்களிலும் குடும்பம் வந்து கல்லைக் கழுவி, பூ வைத்து, ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடும். கிராமங்களில் இப்படிப்பட்ட கல்லறைகள் வயல் ஓரத்திலும், சில வீடுகளின் பின்புறத்திலும்கூட இருக்கும்.

கிராமத்தில் ஆடும் ஓர் இளைஞனின் நிலையும் எனக்குப் புரிகிறது. நகரத்தில் பத்தடிக்கு ஒரு சிலை, ஒரு கலைப்பொருள். அவன் ஊரில் என்ன இருக்கிறது? ஒரு சிறு கோயில், சாலையோரத்து ஜிசோ சிலை, அப்புறம் கல்லறை. தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடம் வேண்டும் என்ற ஆசையில் பழைய கல் ஒன்றைப் படம் எடுத்து அனுப்புகிறான். அவன் கெட்டவன் அல்ல. ஆனால் அவனுடைய ஆசையையும், சரிபார்ப்பவரின் அலட்சியத்தையும், நிறுவனத்தின் லாபத்தையும் ஒன்றாகக் கட்டினால் அது ஓர் அமைப்பாகிவிடுகிறது. அந்த அமைப்பைத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும்.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். செத்தவருக்கு வலிக்காது. உயிரோடு இருப்பவருக்கு? அப்பாவின் கல்லுக்கு முன்னால் கண்ணை மூடி நிற்கும் ஒரு பெண்ணின் பின்னால் நான்கு பேர் போனைப் பார்த்தபடி நிற்கிறார்கள். ‘ரெய்டு’ என்று நேரம் குறித்துக் கூட்டம் கூடுகிறது. இரவில் கார் விளக்கு. கல்லை யாரும் தொடவில்லைதான். ஆனால் துக்கம் என்பது கல்லில் மட்டுமா இருக்கிறது? தனியாக இருக்க வேண்டிய நேரத்தில் தனியாக இருக்க முடிவதும் அதில் அடங்கும்.

“கல்லறைக்கு வெளியாட்கள் வருவது ஜப்பானில் சகஜம்தானே” என்று வாதிடுவார்கள். உண்மைதான். தோக்கியோவின் அஓயாமா, யானகா கல்லறைத் தோட்டங்களுக்குச் செர்ரிப் பூ பார்க்கக் கூட்டம் வருகிறது. புகழ்பெற்ற எழுத்தாளர்களின் சமாதிகளைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் யாருடைய சமாதி என்று தெரிந்து போகிறார்கள். இங்கே கல்லில் இருக்கும் பெயர் ஆடுபவருக்குத் தேவையே இல்லை. அது வரைபடத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

இனி அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 2016 ஜூலை 22 அன்று ஜப்பானில் போக்கிமான் கோ வெளியானது. ஹிரோஷிமா மாநகராட்சி, ஆகஸ்ட் 6 நினைவு நாளுக்குள் அமைதி நினைவுப் பூங்காவில் இருந்த புள்ளிகளை நீக்கச் சொன்னது. நீக்கினார்கள். இசுமோ பெருங்கோயில் தன் வளாகத்தில் விளையாடத் தடை போட்டது. போலந்தில் ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகமும் தன்னை விளையாட்டிலிருந்து விலக்கச் சொன்னது. இந்தக் கோரிக்கைகள் எல்லாமே நியாயமானவை. ஆனால் இவர்களுக்கு மேயர் இருக்கிறார், நிர்வாகம் இருக்கிறது, பத்திரிகைகள் எழுதுகின்றன. வயல் ஓரத்தில் நான்கு கல் வைத்திருக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கு யார் இருக்கிறார்கள்? தன் குடும்பக் கல்லறை ஒரு விளையாட்டில் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும், ஆடாத விளையாட்டின் இணையதளத்துக்குப் போய், படிவம் நிரப்பி, காத்திருக்க வேண்டும். தப்பு செய்தவர் சும்மா இருக்கிறார், பாதிக்கப்பட்டவர் மனு எழுதுகிறார். நமக்குப் பழக்கமான காட்சிதானே இது?

அமெரிக்காவில் வீட்டு உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2019 சமரசத்தின்படி, புகார்களில் பெரும்பாலானவற்றை 15 நாட்களுக்குள் தீர்க்க முயல்வதாகவும், தனி வீட்டிலிருந்து 40 மீட்டருக்குள் இருக்கும் புள்ளியை உரிமையாளர் கேட்டால் நீக்குவதாகவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆக, மனம் வைத்தால் முடியும். வழக்கறிஞர் வந்து நின்ற பிறகுதான் மனம் வருகிறது.

ஒரு தலித் உரிமைத் தளத்தில் இதை ஏன் எழுதுகிறேன் என்று சிலர் கேட்கலாம். ஜப்பானிலும் சாதி உண்டு தோழர்களே. தோல் வேலை, இறைச்சி வெட்டுதல், பிணம் அகற்றுதல் ஆகியவற்றைச் செய்தவர்களைத் தீட்டானவர்கள் என்று ஒதுக்கி வைத்தார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள்தான் புராகுமின்கள். 1871-ல் அரசாணை அவர்களை ‘விடுவித்தது’. ஒதுக்கல் போகவில்லை. முகத்தைப் பார்த்துச் சாதியைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால், ஜப்பானியச் சாதியவாதி ஊரையும் குடும்பத்தையும் தேடுகிறான். 1975-ல் புராகு ஊர்களின் பெயர்ப் பட்டியல் ரகசியமாக விற்கப்பட்டது அம்பலமானது. இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதை வாங்கியிருந்தன. வேலைக்கு வருபவரின் பூர்வீகத்தைத் துருவுவதற்காக! அங்கே முகவரியே சாதிச் சான்றிதழ்.

கல்லறையும் இதிலிருந்து தப்பவில்லை. இறந்தவருக்குப் பௌத்தக் கோயில் ‘கைம்யோ’ என்று ஒரு புதுப் பெயர் கொடுக்கும். புராகு மக்களுக்குக் கொடுத்த பெயர்களில் ‘மிருகம்’, ‘இழிந்தவர்’ என்று பொருள்படும் எழுத்துகளைச் சேர்த்துக் கல்லில் வெட்டி வைத்தார்கள். செத்த பிறகும் சாதி! புராகு விடுதலை இயக்கம் கேள்வி கேட்ட பிறகே பௌத்தப் பிரிவுகள் தங்கள் கல்லறைகளை ஆராய்ந்து மன்னிப்புக் கேட்டன. பாலாற்றுப் பாலத்திலிருந்து ஒரு தலித்தின் உடலைக் கயிறு கட்டி இறக்க வைத்த 2019 வாணியம்பாடியை மறக்காதவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இப்போது குடும்பப் பெயர், ஒளிப்படம், துல்லியமான இருப்பிடம் மூன்றையும் சேர்த்து உலகத்துக்குத் திறந்து வையுங்கள். இந்த விளையாட்டைக் கொண்டு யாரோ சாதி தேடினார்கள் என்று நான் சொல்லவில்லை. தேடுபவனுக்கு என்ன வேண்டுமோ, அதைக் கேட்காமலே செய்து கொடுக்கும் பழக்கம் இது என்கிறேன். இந்த அச்சம் கற்பனை அல்ல. புராகு ஊர்ப் பெயர்களை இணையத்தில் போட்ட ஒரு பதிப்பகத்துக்கு எதிராக 2016 முதல் வழக்கு நடந்தது. பாகுபாடு இல்லாமல் நிம்மதியாக வாழ்வது சட்டம் காக்க வேண்டிய நலன் என்று 2023-ல் தோக்கியோ உயர் நீதிமன்றம் சொன்னது.

இன்னொன்றும் உண்டு. கூகுள் எர்த், பழைய எடோ கால வரைபடங்களை இன்றைய வரைபடத்தின் மேல் போர்த்திக் காட்டியது. தீண்டப்படாதோர் ஊர்களைக் குறித்த இழிசொற்கள் விளக்கம் ஏதுமின்றி அப்படியே தெரிந்தன. 2009-ல் எதிர்ப்பு வந்தபின் அழித்தார்கள். அப்போது கூகுளின் வரைபடப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஜான் ஹாங்கி. அடுத்த ஆண்டே நயாண்டிக்கைத் தொடங்கியவரும் அவர்தான். இடம் என்பது வெறும் இடம் அல்ல, அங்கே மனிதர்களின் மானம் இருக்கிறது என்ற பாடத்தைக் கற்க அவர்களுக்கு வாய்ப்பு இல்லாமல் இல்லை.

2025-ல் போக்கிமான் கோ உட்பட நயாண்டிக்கின் பெரிய விளையாட்டுகள் 350 கோடி டாலருக்கு ஸ்கோப்லி நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. ஆடுபவர்கள் தெருத்தெருவாக எடுத்துக் கொடுத்த காட்சிகளை வைத்து இயந்திரங்களுக்கு உலகைப் புரியவைக்கும் தொழிலை இன்னொரு நிறுவனம் தொடர்கிறது. படம் எடுத்த இளைஞனுக்கு மதிப்பெண் கிடைத்தது. நிறுவனத்துக்குக் கோடிகள் கிடைத்தன. கல்லுக்கு உரிய குடும்பத்துக்கு?

என் நிலைப்பாடு எளிமையானது. விளையாட்டைத் தடை செய் என்று நான் சொல்லவில்லை. நடந்து ஆடுவது நல்லதுதான். ஆனால் குடும்பப் பெயர் பொறித்த கல்லறை, உரியவர் சம்மதிக்காதவரை, பட்டியலுக்குள் வரக் கூடாது. சம்மதம் கேட்பது நிறுவனத்தின் வேலை, மறுப்பதற்கு அலைவது குடும்பத்தின் வேலை அல்ல. நீக்கச் சொல்ல ஒரு கடிதமோ ஒரு தொலைபேசி அழைப்போ போதும் என்று ஆக்க வேண்டும். நீக்கும்போது திரையிலிருந்து மட்டும் அல்ல, சேமிப்பிலிருந்தும் படத்தை நீக்க வேண்டும்.

ஆடுகிற தம்பி தங்கைகளுக்கு: கல்லறையைப் பரிந்துரைக்காதீர்கள். சரிபார்க்க வந்தால் நிராகரியுங்கள். ஏற்கெனவே இருந்தால் புகார் செய்யுங்கள். அந்தப் பாட்டியால் செய்ய முடியாததை உங்களால் இரண்டு நிமிடத்தில் செய்ய முடியும்.

அன்று கேள்வி கேட்ட தம்பிக்கு: செத்தவருக்கு வலிக்காது என்பது உண்மைதான். நம் சுடுகாட்டுப் பாதையை மறிப்பவனும் அதையே சொல்லலாம். பாதை கேட்டு நாம் போராடுவது பிணத்துக்காக மட்டுமா? உயிரோடு இருக்கும் நம் மரியாதைக்காக. ஜப்பானில் இருப்பவருக்கும் அதே மரியாதைதான்.

ஜெய்பீம்.