எந்தப் படியால் அளப்பது?

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் நம் பாட்டிமாருக்கு ஆதிகேசவப் பெருமாளும், அந்த ஸ்தலத்தில் அவதரித்த ராமாநுஜரும்தான் நினைவுக்கு வருவார்கள். பேத்திமாருக்கோ வேறு நினைவு. காலை ஷிப்டா, இரவு ஷிப்டா, எந்த கேட், எந்த பஸ் என்பதே அவர்கள் விசாரம். 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உருண்டு வெளியே வரத் தொடங்கியது முதல் அந்தப் பக்கத்துக் கிராமங்கள் அடையாளம் தெரியாமல் மாறிப் போயின. 2010ல் ஒரகடத்தில் ரெனால்ட் நிஸ்ஸான் ஆலை திறந்தது. 2012ல் டைம்லர் லாரி ஆலை வந்தது. 2015ல் அங்கேயே பஸ் கட்டவும் ஆரம்பித்தார்கள்.

ஆமாம், ஒரகடத்தில் பஸ் கட்டுகிறார்கள்! ஆனால் அதே ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்காகக் கால் கடுக்க நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். குயவன் வீட்டில் சோறாக்கப் பானை இல்லாத கதைதான்!

இதிலே நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த வட்டாரத்து மின்னணு ஆலைகளில் வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஏராளம். வல்லம் வடகாலில் சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த விடுதியில் மட்டும் 18,720 பெண்கள் தங்க இடம் உண்டு. ஒரு சிறிய பட்டணம் என்றே சொல்லலாம். தமிழ்நாட்டின் தூரத்து ஜில்லாக்களிலிருந்து புறப்பட்டு வந்த நம் வீட்டுப் பெண்கள், தங்கைமார்கள்.

"அதற்குத்தான் கம்பெனி பஸ் இருக்கிறதே?" என்பீர்கள். இருக்கிறது, வாஸ்தவம். அதற்கு ஒரு சரித்திரமும் உண்டு. ஆலைகளில் பெண்களை இரவு வேலைக்கு அமர்த்தக் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டத்தின் விதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் ரத்துச் செய்தது. பெண் என்பதற்காக வேலையை மறுப்பது சமத்துவம் ஆகாது என்பது அதன் கருத்து. கூடவே சில நிபந்தனைகளும் விதித்தது. இரவு ஷிப்டுக்கு வரும் பெண்களுக்கு வீட்டிலிருந்து வரவும் திரும்பவும் போக்குவரத்து வசதி செய்து தர வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஆக, ஒரு பெண் வேலைக்குப் போக முடியுமா முடியாதா என்பதில் பஸ்ஸுக்கும் ஒரு பங்கு உண்டென்று நீதிமன்றமே ஒப்புக்கொண்ட மாதிரி!

ஆனால் கம்பெனி பஸ் கம்பெனி ஆளுக்கு மட்டும். உதிரி பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறையில் வேலை செய்கிறவள், காண்டீனில் காய் நறுக்குகிறவள், பெருக்கித் துடைக்க வருகிறவள், தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கிற பெண், ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணி, இவர்களுக்கெல்லாம் ஊர் பஸ்தான் கதி. விடுதிப் பெண்ணுக்கும் லீவு நாளில் ஊருக்குப் போக அதே பஸ்தான்.

* * *

சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை சுமார் 25 கிலோமீட்டர். குறுக்கே வண்டலூர் – வாலாஜாபாத் சாலை போகிறது. இரண்டும் சந்திக்கிற இடம் ஒரகடம். இந்தச் சாலைகளை நன்றாக அகலப்படுத்திப் போட்டிருக்கிறார்கள். குறை சாலையில் இல்லை.

பின் எதில்? செங்கல்பட்டுப் பக்கம் வீடுள்ள ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மின்சார ரயிலில் ஏறிச் சிங்கப்பெருமாள்கோவிலில் இறங்குகிறாள். அங்கிருந்து நிறுத்தத்துக்கு நடை. பஸ்ஸுக்கு நிற்கிறாள். வருகிற பஸ் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தினுடையதாகவும் இருக்கலாம், காஞ்சிபுரம் பக்கத்து அரசு பஸ்ஸாகவும் இருக்கலாம். ஒரகடத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ. அப்புறம் ஆலை கேட் வரை மறுபடி நடை. ரவிக்கை எங்கே பிரிகிறது? துணியிலா? தையலில்தானே! பிரயாணமும் அப்படித்தான். வண்டி ஓடும்போது ஓடிவிடுகிறது. ஒன்றை விட்டு இன்னொன்றில் ஏறும் இடத்தில்தான் பிரிந்துபோகிறது.

இந்தத் தையல் விட்டுப்போவதற்கு உதாரணம் தேடித் தூரம் போக வேண்டாம். 2023 டிசம்பர் 30ந் தேதி வண்டலூருக்குப் பக்கத்தில் கிளாம்பாக்கத்தில் பிரும்மாண்டமான பஸ் நிலையத்தைத் திறந்தார்கள். நெடுஞ்சாலைக்கு எதிர்ப்புறமே ரயில் பாதை. ஆனால் பஸ் நிலையம் திறந்த நாளில் அங்கே ரயில் நிற்க ஒரு நிலையம் இல்லை. மூட்டை முடிச்சும் குழந்தையுமாக வந்திறங்கிய தாய்மார்கள் பட்ட பாட்டைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

* * *

உலகத்தில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பிரேஸில் தேசத்திலே குரிடிபா என்று ஒரு நகரம். அதன் மேயராக இருந்த ஜெய்மி லெர்னர் கட்டடக் கலைஞர். பூமிக்கடியில் ரயில் விடக் கையில் பணம் இல்லை. "ரயிலுக்குள்ள சௌகரியங்களை பஸ்ஸுக்கே கொடுத்துவிட்டால் என்ன?" என்ற யோசனை பிறந்தது. 1974ல் பஸ்ஸுக்கென்று தனிப் பாதை போட்டார்கள். 1991ல் கண்ணாடிக் குழாய் மாதிரி நிலையங்கள் வைத்தார்கள். டிக்கட்டை உள்ளே நுழையும்போதே வாங்கிவிட வேண்டும். நிலையத்தின் தளமும் பஸ்ஸின் தளமும் ஒரே மட்டம். படி ஏற வேண்டாம். புடவை தடுக்காது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாவ வேண்டாம். 2000ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரம் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது. இதற்குத்தான் விரைவு பஸ் பாதை என்று பெயர்.

நம் தேசத்திலும் செய்து பார்த்தார்கள். ஆமதாபாத்தில் 2009 அக்டோபரில் 'ஜன்மார்க்' ஓட ஆரம்பித்தது. சாலை நடுவே தனிப் பாதை, நடுவிலேயே நிலையம், உயரமான மேடை எல்லாம் உண்டு. ஆனால் டில்லியில் 2008ல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குப் போட்ட பாதையை 2016ல் பெயர்த்தே எறிந்துவிட்டார்கள். எல்லாத் தினுசு பஸ்களும் அந்தப் பாதையில் நுழைந்தன. சிக்னலுக்குச் சிக்னல் வரிசை கட்டி நின்றன. பக்கத்தில் காரில் இருந்தவர்களுக்கோ, "எங்கள் சாலையைப் பிடுங்கிக்கொண்டார்களே!" என்று கோபம். 2013ல் திறந்த இந்தூர்ப் பாதையையும் அகற்றும்படி 2025 பிப்ரவரியில் அங்குள்ள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

நம் ஒரகடத்துக்கு நெருங்கிய சொந்தம் கர்நாடகத்தில் இருக்கிறது. ஹுப்ளி, தார்வாட் என்ற இரட்டை நகரங்களுக்கு நடுவே சுமார் 22 கிலோமீட்டர். 2018ல் அங்கே 'சிகரி' பஸ்கள் ஓடத் தொடங்கின. சிகரி என்றால் மான். பெயருக்கேற்ற பாய்ச்சல்தான். ஆனால் தனியார் பஸ்கள் அதே வழியில் ஆள் ஏற்றிக்கொண்டு தனியே ஓடின. ஒரே சாலை, ஒரே ஜனங்கள், இரண்டு குடித்தனம்!

ஆகவே, சிமெண்டுப் பாதை மட்டும் போதாது. ரயில், ஊர் பஸ், விரைவு பஸ், ஷேர் ஆட்டோ எல்லாம் ஒரே பிரயாணத்தின் துண்டுகள் என்று நினைத்து நேரத்தையும் டிக்கட்டையும் நிறுத்தத்தையும் இணைக்க வேண்டும். சிங்கப்பூரில் உறவினர் உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2010லிருந்து அங்கே பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு மாறினாலும் மொத்த தூரத்துக்குத்தான் கட்டணம். மாறிய குற்றத்துக்கு அபராதம் கிடையாது!

சென்னையிலும் முயற்சி இல்லாமல் இல்லை. எல்லாப் போக்குவரத்தையும் ஒரே குடைக்கீழ் கொண்டுவர 2010லேயே சட்டம் செய்தார்கள். அந்த ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் முதல் கூட்டம் போட்டது 2022 நவம்பரில். அதனாலென்ன, வந்துவிட்டதே! 2025 செப்டம்பரில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் கைபேசியிலேயே டிக்கட் எடுக்கும் 'சென்னை ஒன்' வந்தது. 2022 அக்டோபரில் பெருநகரத் திட்டப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தபோது ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமும் உள்ளே வந்துவிட்டது. பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை மெட்ரோவை நீட்டவும் 2025ல் மாநில அரசு ஒப்புதல் தந்தது. ஆனால் மெட்ரோ வந்தாலும் அது பெங்களூர் நெடுஞ்சாலையோடு போய்விடும். ஒரகடம் அங்கிருந்து விலகித் தெற்கே இருக்கிறது. நடுவே தைக்க வேண்டிய தையல், பஸ்தான்.

* * *

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தைத்தது சரியாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்தக் காலத்தில் அரிசி வாங்குவதே ஒரு வித்தை. பட்டணம் படி ஒன்று, ஊர்ப் படி வேறொன்று. "எங்கள் ஊரில் அரிசி மலிவு" என்று நாட்டுப் பெண் பெருமையடித்தால், "எந்தப் படிக்கு?" என்று மாமியார் கேட்பாள். 1956ல் சட்டம் செய்து, 1958லிருந்து கிலோவைக் கொண்டுவந்த பிறகுதான் ஒரு ஊர் விலையை இன்னொரு ஊர் விலையோடு ஒப்பிட முடிந்தது.

பஸ் விவகாரத்தில் நாம் இன்னமும் பழைய படிக் காலத்தில்தான் இருக்கிறோம். கம்பெனிக்காரர் ஆள் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார் என்று பார்க்கிறார். ரயில்வேக்கு ரயிலின் தாமதம் மட்டும் கணக்கு. பஸ் கழகங்கள் ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல் என்று பார்க்கின்றன. தேசத்தின் அரசு பஸ் நிறுவனங்கள் 1965ல் ஒரு சங்கம் அமைத்தன. இந்தக் கணக்குகளையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் நமக்கும் உண்டு. நல்ல கணக்குகள்தான். ஆனால் இரவு பத்து மணிக்கு ஷிப்டு முடிந்து வந்த பெண் எத்தனை நிமிஷம் நின்றாள் என்பது இவற்றில் எந்தப் பத்தியில் வருகிறது?

2004ல் பல தேசத்து நகர பஸ் நிறுவனங்கள் கூடி, லண்டன் இம்பீரியல் கல்லூரியின் உதவியோடு ஒரு குழு அமைத்துக்கொண்டன. அவர்கள் முதலில் செய்ய வேண்டியிருந்த காரியம் சொற்களுக்கு ஒரே அர்த்தம் வைப்பதுதான். 'தாமதம்' என்றால் ஒருவருக்கு மூன்று நிமிஷம், இன்னொருவருக்குப் பத்து நிமிஷம் என்றிருந்தால் எதை ஒப்பிடுவது? அளவு ஒன்றான பிறகு, "உன் ஊரில் இது எப்படி நடக்கிறது? எனக்கும் சொல்லிக் கொடு" என்று கேட்க முடிகிறது. யார் முதல், யார் கடைசி என்று மானத்தை வாங்குவதற்கல்ல, கற்றுக்கொள்வதற்கு.

அப்படி ஒரு பொதுப் படி ஒரகடத்துக்கும் வேண்டும். அதில் என்னென்ன அளக்கலாம்? ஷிப்டு முடிந்ததும் பஸ்ஸுக்கு நின்ற நிமிஷங்கள். வீட்டு வாசலிலிருந்து வேலை வாசல் வரை ஆன மொத்த நேரம். எத்தனை முறை மாறினாள், எத்தனை முறை காசு கொடுத்தாள். நிறுத்தத்திலிருந்து கேட் வரை நடக்கிற வழியில் விளக்கு எரிகிறதா. கடைசி பஸ் கடைசி ஷிப்டுக்கு முன்னால் போய்விடுகிறதா. இந்த ஐந்தையும் இரண்டு பஸ் கழகங்களும், ரயில்வேயும், கம்பெனிகளும் ஒரே விதமாக அளந்து, மாதா மாதம் கூட்டுரோட்டில் ஒரு பலகையில் எழுதிப் போடட்டும். ஆமதாபாத்தோடும் ஹுப்ளியோடும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எதை அளக்கிறோமோ அதற்காகத்தான் வேலை நடக்கும். வேகத்தை மட்டும் அளந்தால் நிறுத்தத்தில் நில்லாமல் பறக்கிறவர்தான் கெட்டிக்கார டிரைவர் ஆகிவிடுவார். வசூலை மட்டும் அளந்தால், 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகர பஸ்ஸில் இலவசமாகப் பிரயாணம் செய்துவரும் பெண்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். நாளைக்கு விரைவு பஸ் வந்து, அதில் அந்த இலவசச் சீட்டு செல்லாது என்றால், சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் பெண் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதற்கு நிற்பாள். பாதைக்கு விரைவு என்று பெயர். அவளுக்கு என்ன விரைவு? பஸ்ஸுக்கு வர்ணம் அடிப்பதற்கு முன்பே இதைத் தீர்மானித்துவிட வேண்டும்.

"பஸ் பாதை காலியாகக் கிடக்கிறது, கார்கள் நெருக்கியடிக்கின்றன" என்று நாளைக்கு ஒரு கூக்குரல் எழும். டில்லியில் எழுந்தது. தங்கு தடையில்லாமல் ஓடும் பாதை பார்வைக்குக் காலியாகத்தான் தெரியும். அதில் போன ஒரே பஸ்ஸில் அறுபது பேர் போயிருப்பார்கள். எண்ண வேண்டியது வண்டிகளை அல்ல, மனிதர்களை.

சர்க்கார் அளக்கும் வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ அந்தப் பக்கம் வேலைக்குப் போகும் பெண் இருந்தால், ஒரு வாரம் குறித்து வைக்கச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு நிறுத்தத்துக்கு வந்தாள், எத்தனை மணிக்கு பஸ் வந்தது, அவ்வளவு போதும். பத்துப் பெண்கள் ஒரே மாதிரி எழுதிய கணக்கை ஒரு மனுவோடு சேர்த்துக் கொடுத்தால், "சும்மா குறை சொல்கிறார்கள்" என்று எந்தக் காரியாலயத்திலும் தள்ளிவிட முடியாது. வீட்டில் அளந்து போட்டுப் பழகிய கைகள்தானே நம்முடையவை? இதையும் அளந்து பார்த்துவிடுவோம்.