மலை தாண்டும் குரல்!



தேனி, போடி, கம்பம், கூடலூர் பக்கம் 100.5 மெகாஹெர்ட்ஸ் கொடைக்கானல் பண்பலையைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஏராளம். மலை உச்சியிலிருந்து ஒலிபரப்புவதால்தான் அது நெடுந்தூரம் வருகிறது. பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. நடுவில் மலை வந்தால் திணறிவிடும். செல்போனுக்கும் இதே கதிதான்!

மூன்று பக்கமும் மலை சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கில், புயலிலோ நிலச்சரிவிலோ செல்போன் கோபுரங்கள் செயலிழந்தால், உதவிக்கு யாரை, எப்படி அழைப்பது?

இதற்குக் கை கொடுப்பதுதான், 'ஹாம் ரேடியோ.' அரசிடம் உரிமம் பெற்று, பொழுதுபோக்காக வானொலியில் பேசிக் கொள்பவர்களை, 'ஹாம்' என்பர். இதற்குக் கோபுரமும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். மின்சாரம் போனால், கார் பேட்டரியே போதும்.

ஆன்டெனா கூட எளிமையானதுதான். 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு, மொத்தம் 20 மீட்டர் நீளக் கம்பியை நடுவில் இரண்டாகப் பிரித்து, இரு தென்னை மரங்களுக்கு இடையே கட்டுவர். நடுவிலிருந்து ஒரு கேபிள் கருவிக்கு வரும். அதிக உயரத்தில் கட்டாவிட்டால், அலைகள் நேராக மேலே எழும்பும். நூறு கிலோமீட்டருக்கும் மேலே உள்ள அயனி மண்டலத்தில் பட்டு, நீரூற்றுப் போல் சுற்றிலும் இறங்கும். பகலில், சில நூறு கிலோமீட்டர் தூரம் வரை கேட்கும். மலைக்கு அந்தப் பக்கம் உள்ள இடுக்கியிலும் கேட்கலாம்!

கடந்த 2004 டிசம்பரில், பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு, அந்தமானின் போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்தது. அந்தத் தீவுகளிலிருந்து பல ஆண்டுகளாக ஹாம் ஒலிபரப்பே இல்லை. எனவே, அவர்களுடன் பேச, உலகெங்கும் உள்ள ஹாம்கள் போட்டி போட்டனர்.

டிசம்பர் 26 காலை, பூகம்பம், தொடர்ந்து சுனாமி! தொலைபேசிகள் செயலிழந்தன. அந்தக் குழு, விளையாட்டை அப்படியே நிறுத்தியது. அதே கருவி, அதே ஆன்டெனா... அன்று முதல், தவித்த குடும்பங்களின் செய்திகளைச் சுமந்தன. 'உயிரோடு இருக்கிறோம்' என்ற தகவல், கடல் கடந்து உறவினர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 2018 கேரள வெள்ளத்திலும் ஹாம்கள் உதவினர்.

ஒன்றைக் கவனித்தீர்களா? சுனாமி வந்த பின், ஓடிப் போய் அவர்கள் எதையும் கற்றுக் கொள்ளவில்லை. பொழுதுபோக்காகப் பழகிய கலைதான், ஆபத்தில் உதவியது.

ஹாம்களின் முதல் பாடம், பேசுவது அல்ல; கேட்பது! அலைவரிசையில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்ட பிறகே வாய் திறப்பர். ஆபத்துக் குரல் ஒலித்தால், மற்றவர்கள் பேச்சை நிறுத்தி வழிவிடுவர். வகுப்பிலும், வீட்டிலும் நாமும் இதைப் பழகலாமே!

உரிமத்துக்கு, மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேற வேண்டும். 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம். மின்கம்பி அருகே ஆன்டெனா கட்டுவதும், இடி மின்னலின் போது அதைத் தொடுவதும் உயிருக்கே ஆபத்து. எனவே, பெரியவர்கள் துணையின்றி இறங்காதீர்கள்.

இந்த வாரம், உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் ஹாம் ரேடியோ பற்றிக் கேட்டுப் பாருங்கள். இன்று நீங்கள் விளையாட்டாகக் கற்பது, நாளை ஓர் ஊரையே காப்பாற்றலாம்!

அன்புடன்,
ஆசிரியர்