சட்டம் வந்தும் உட்கார முடியவில்லை

தங்கை மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போயிருந்தோம். பெரிய ஜவுளிக்கடை. எங்களுக்கு ஸ்டூல் போட்டுத் தண்ணீரும் கொடுத்தார்கள். புடவை எடுத்துப் போட்ட பெண்ணுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். செருப்பிலிருந்து ஒரு காலை உருவி மற்றக் காலின் மேல் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கால் மாற்றினாள். அப்போது ராத்திரி எட்டு மணி. காலை ஒன்பதரைக்கு வந்தவளாம்.

"கூட்டம்தான் இல்லையே, கொஞ்சம் உட்காரும்மா" என்றேன்.

சட்டென்று மேலே பார்த்தாள். "கேமரா இருக்குக்கா." அடுத்த புடவையை விரித்தாள்.

மனித உரிமை என்றால் போலீஸ் ஸ்டேஷனும் சிறையும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 24-வது பிரிவு ஓய்வைப் பற்றியது. வேலை நேரத்துக்கு நியாயமான வரம்பு வேண்டும் என்கிறது அது. நம் அரசியல் சாசனத்தின் 42-வது பிரிவும் மனிதத்தன்மையுள்ள பணிச்சூழலுக்கு அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது. அந்தப் பெண்ணின் கால்வலி இவற்றில் அடங்காதா?

கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் உட்காரும் உரிமைக்காகவே போராடினார்கள். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, ஊழியர் எல்லாருக்கும் இருக்கை வசதி வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல சட்டம். ஆனால் நாற்காலி வாங்கிப் போடச் சொன்ன சட்டத்தால், உட்கார்ந்தவளை முறைக்கும் சூப்பர்வைசரை ஒன்றும் செய்ய முடியவில்லை.

இப்படியொரு கடையில் ஆறு வருடம் வேலை பார்த்த பெண் ஒருவர் எனக்குப் பழக்கம். முப்பத்திரண்டு வயதில் கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு புடைத்திருக்கிறது. பாத்ரூம் போவதற்குச் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டுமாம். மாதவிலக்கு நாட்களில் அதைவிடக் கொடுமை இல்லை என்றார். அதற்குப் பயந்தே மத்தியானம் வரை தண்ணீர் குடிக்கமாட்டாராம். விடாமல் வந்த நீர்க்கடுப்பில்தான் வேலையை விட்டிருக்கிறார்.

தொழிலாளர் துறை ஆய்வுக்கு வரும்போது நாற்காலி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. அதில் யாராவது உட்காருகிறார்களா என்று பார்க்க வேண்டும். அதுவும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், சொல்லாமல், மாலை ஏழு மணிக்கு மேல் வர வேண்டும். முதலாளியின் காதில் விழாத இடத்தில் ஊழியர்களை விசாரிக்க வேண்டும். கேமராப் பதிவைக் காட்டி உட்கார்ந்தவர்களைத் திட்டுவதும், சம்பளத்தில் கைவைப்பதும் குற்றம் என்று விதியிலேயே எழுத வேண்டும்.

அன்று அந்த ஜவுளிக்கடையில் பில் போடும் இடத்தில் மேனேஜரிடம் பேசினேன். "எந்த கவுன்டர் மேடம்?" என்றுதான் முதலில் கேட்டார். நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாள் அவளுக்கு வேலை இருந்திருக்காது. அதனால்தான் பெயர் சொல்லாமல் புகார் செய்ய ஒரு தொலைபேசி எண் வேண்டும் என்கிறேன். அதை ஒவ்வொரு கடையிலும் ஊழியர்கள் சாப்பிடும் அறைச் சுவரில், பெரிய எழுத்தில், தமிழில் ஒட்டச் சொல்லி அரசு உத்தரவு போடட்டும்.