கல்லில் எழுந்த வேங்கை

ஊனுண்ணி விலங்குகளைப் பற்றிய கண்காட்சி என்றால், பற்களைக் காட்டி உறுமும் புலியின் படமும் அதன் எடையையும் பாய்ச்சலையும் கூறும் பலகையும் தவறாமல் இடம்பெறும். பார்ப்போர் வியப்பர், சற்றே அஞ்சுவர், வீடு திரும்புவர். அவ்விலங்கு உலவும் காட்டின் விளிம்பில் ஆடு மேய்த்துப் பிழைப்பவர் அப்படங்களில் இரார். தருமபுரி மாவட்டத்தில் இத்தகைய கண்காட்சியை அமைக்க விரும்புவோர் முதலில் காணவேண்டியவை அந்நிலத்து நடுகற்களாகும்.

தமிழகத்தில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த பகுதிகளுள் தருமபுரியும் ஒன்று. நகரிலுள்ள தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் அவை தொகுத்து வைக்கப்பட்டுள்ளன. ஆநிரை மீட்டலில் உயிர்நீத்தோர்க்கு எடுக்கப்பட்டவை பல. புலியோடு பொருது மாண்டோர்க்கு எடுத்த கற்களும் இப்பகுதியில் உண்டு. அவற்றைப் புலிக்குத்திக்கல் என்பர். வீரனின் படைக்கலம் புலியின் உடலில் பாய்ந்திருக்க, புலி எழுந்து நின்று அவனை எதிர்கொள்ளும். இருவருக்கும் இடம் ஒரே கல்தான்.

இக்கற்களைச் சான்றாக்கி, முன்னோர் கொடுவிலங்குகளோடு இணங்கி வாழ்ந்தனர் என்று பெருமை பேசுதல் பிழையாகும். அவை மாண்டவர்க்கு நட்ட கற்கள். ஆயினும் ஒன்றை அவை தெளிவாக உணர்த்துகின்றன. காட்டருகே வாழ்வதற்கு ஒரு விலை இருந்தது. அவ்விலையைக் கொடுத்தவனை ஊர் மறக்கவில்லை. கல்லெடுத்தது, வழிபட்டது. இன்று அவ்விலையைக் கொடுப்போர் யாவர் என்பதைப் பெருநகரத்து விலங்குநேயர் பலர் அறியார்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளை உள்ளடக்கி, ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவேரி தெற்கு வனஉயிரினச் சரணாலயம் 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்க முடிவு. ஆனால், சரணாலயத்தின் எல்லைக்கோட்டைச் சிறுத்தை அறியாது. பத்து ஆடுகளை வைத்திருப்பவர் ஓரிரவில் இரண்டை இழந்தால், அவர் இழந்தது வெறும் ஆடுகளையல்ல; பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை, வீட்டின் கூரையை. அவரிடம் சென்று உயிர்ச்சூழலின் சமநிலையை விளக்குவது எளிதன்று, முறையுமன்று.

‘அதைப் பிடித்து வேறு காட்டில் விடுங்கள்’ என்பதே ஊராரின் முதற்கோரிக்கை. கோரிக்கை இயல்பானது, தீர்வோ பயனற்றது. மகாராட்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் 2001 முதல் சிறுத்தைகளைப் பெருமளவில் பிடித்து வேற்றிடங்களில் விடுவித்தனர். அதன்பின் மனிதர்மீதான தாக்குதல்கள் குறையவில்லை, பன்மடங்கு பெருகின. வித்யா ஆத்ரேயாவும் அவருடன் பணியாற்றியோரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதனைப் பதிவு செய்துள்ளது. பழகிய இடத்தினின்று பெயர்க்கப்பட்ட விலங்கு, அறியாத ஊர்களின் நடுவே அலைகிறது. ஒன்று நீங்கிய இடத்திற்கு மற்றொன்று வந்து சேர்கிறது.

புலிக்கும் சிறுத்தைக்கும் பேச ஆளுண்டு. செந்நாய்க்கு அதுவும் இல்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் அதைக் கொன்றவருக்குப் பரிசுப்பணம் வழங்கப்பட்டது! கூட்டமாய் வேட்டையாடி, இரை உயிரோடிருக்கும்போதே உண்ணத் தொடங்கும் இயல்பால் கொடிய விலங்கெனப் பெயர்பெற்ற செந்நாய், இன்று உலக அளவில் அழியும் நிலையிலுள்ள இனம். மனிதரைத் தாக்காத அவ்விலங்கின்மீது வன்மம் கொண்டது விந்தையே.

கண்காட்சியின் நடுவே நிற்கவேண்டியது புலியின் படமன்று. உயர்ந்த முட்படலும் மேற்கூரையும் கொண்ட ஓர் ஆட்டுப்பட்டி. இரவில் கால்நடைகளை அடைத்து வைத்தாலே இழப்புப் பெரிதும் குறையும். கூரையில்லாப் பட்டியின் வேலியைச் சிறுத்தை எளிதில் தாண்டிவிடும் என்பதைக் குழந்தைகளும் அங்கு நேரில் கண்டறியலாம். ஊர்ப்புறத்தில் கொட்டும் இறைச்சிக் கழிவு தெருநாய்களை ஈர்ப்பதும், அந்நாய்களை நாடிச் சிறுத்தை வருவதும் அடுத்த பலகையில் விளக்கப்படலாம். அதனருகே, கால்நடையை விலங்கு கொன்றால் அரசிடம் இழப்பீடு கோரும் விண்ணப்பத்தை நிரப்பிக் காட்ட ஒரு வனப்பணியாளர் அமர்ந்திருக்க வேண்டும். இழப்பீடு காலந்தாழ்ந்து வருமாயின் சினம் முதலில் வனத்துறையின்மீதும், பின்னர் விலங்கின்மீதும் திரும்பும். இறந்த ஆட்டின் உடலில் நஞ்சு தடவப்படுவது அச்சினத்தினால்தான். அவ்வாறு வைக்கும் நஞ்சு சிறுத்தையோடு நிற்பதில்லை. நரியையும் கழுகையும் ஊர் நாயையும் கொல்லும்.

கண்காட்சியின் வாயிலில் புலிக்குத்திக்கல் ஒன்றின் படத்தை வைக்கலாம். அதன்கீழ், சென்ற ஆண்டில் ஆடுமாடுகளை விலங்குகளுக்கு இழந்த ஊர்களின் பெயர்களை எழுதலாம்.