மீன் கழிவில் சமையல் கேஸ்: தொட்டி கட்டினா மட்டும் போதுமா? குப்பங்களுக்கு கோயம்பேடு சொல்லும் பாடம்

பழவேற்காடு:

இறால், நண்டு, மடவை என்று ஏரி கொடுப்பதை விற்றது போக மிச்சம் என்ன? தலை, குடல், செதில். காலையில் வெட்டிப் போட்டால் மதியத்துக்குள் நாற்றம், ஈ, நாய்த் தொல்லை. லைட்ஹவுஸ் குப்பம் ஆனாலும் சரி, கரையோரத்தில் எந்தக் குப்பம் ஆனாலும் சரி, இது தெரியாதவர் யாரும் இல்லை. இன்னொரு பக்கம் கேஸ் சிலிண்டர் விலை. பாடு சரியில்லாத வாரத்தில் சிலிண்டர் எடுக்கவே கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

நாறும் கழிவையே கேஸாக மாத்தினா என்ன? தாராளமாக முடியும். ஆனால் அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது.

கேஸ் வருவது எப்படி?

காற்றுப் புகாத தொட்டியில் கழிவைக் கரைத்து ஊற்றினால், காற்றே இல்லாமல் வாழும் நுண்கிருமிகள் அதைத் தின்று மீத்தேன் வாயுவை வெளியே விடும். நம்ம ஊர் சாண எரிவாயுவும் இதே கதைதான். சுமார் 25 கிலோ சாணத்தில் 1 கன மீட்டர் வாயு வரும். அது அரை கிலோவுக்கும் கொஞ்சம் குறைவான சிலிண்டர் கேஸுக்குச் சமம். 14.2 கிலோ சிலிண்டருக்கு ஈடுகட்ட 30 கன மீட்டருக்கு மேல் வேண்டும். தொட்டியில் இருந்து வெளியேறும் கரைசல் தென்னைக்கும் முருங்கைக்கும் உரம்.

மீனுக்கு தனி கணக்கு

மீன் கழிவை மட்டும் கொட்டினால் தொட்டிக்குள் அம்மோனியா ஏறி கிருமிகள் செத்துவிடும். சாணம், சோறு, காய்கறிக் கழிவு கலந்துதான் போட வேண்டும். கருவாட்டுக் கழிவும் உப்புத் தண்ணீரும் அதிகமானால் ஆகாது. இறால், நண்டு ஓடு லேசில் செரிக்காது. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும் மணல் பூமியில் பள்ளம் எடுத்துக் கட்டுவதை விட, தரைக்கு மேல் வைக்கும் பைபர் தொட்டியே நல்லது.

புயல் எச்சரிக்கை வந்தால் படகு போகாது. அன்று தொட்டிக்கும் பட்டினி. அதற்கும் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும்.

கோயம்பேட்டில் நடந்தது என்ன?

சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் 2000-களின் நடுவில், தினமும் 30 டன் காய்கறிக் கழிவில் மின்சாரம் எடுக்கும் நிலையம் கட்டப்பட்டது. கழிவுக்கு அங்கே பஞ்சமே இல்லை. ஆனாலும் நிலையம் முழு அளவில் தொடர்ந்து ஓடவில்லை. அதே சமயம் கேரளாவில் பத்தனாபுரம் சந்தையில், சந்தைக் கழிவில் எடுத்த வாயுவை வைத்தே விளக்கு எரித்துக் காட்டினார்கள்.

தொட்டி ஒரு வயிறு மாதிரி. தினமும் அளவாக, பிளாஸ்டிக் இல்லாமல் சாப்பாடு போட ஆள் வேண்டும். ஒரு வாரம் மறந்தால் கேஸ் குறையும். ஒரேயடியாகக் கொட்டினால் புளித்துப் போகும்.

பணம் கட்ட, ஆள் யார்?

ஊர்ப் பொது எரிவாயுக் கலன் கட்ட, தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவு 2-ம் கட்டத்தில், 2020-ல் மாவட்டத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை வழி செய்யப்பட்டது. ஆக, கட்டுவதற்குக் காசு தேடலாம். அதற்கு அப்புறம்? தினமும் கழிவைத் தரம் பிரித்து, அளந்து போடுகிறவருக்கு மாதா மாதம் சம்பளம் யார் தருவது? ஏற்கனவே குப்பை அள்ளும் தூய்மைக் காவலர்கள் தலையில் இதையும் கட்டுவது நியாயமா?

குப்பத்துப் பெண்கள் குழு பொறுப்பேற்று, கேஸை ஒரு பொது சமையல் கூடத்துக்கோ டீக்கடைக்கோ விற்று, அந்தக் காசில் சம்பளம் எடுத்தால் தொட்டி ஓடும். இல்லாவிட்டால் திறப்பு விழாவுக்கு மாலை போட்டதோடு சரி.

அதிகாரிகள் தொட்டி தர்றோம் என்று வந்தால், குப்பத்து மக்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "தொட்டி சரிங்க, அதைப் பார்த்துக்கிற ஆளுக்கு சம்பளம் யாரு தர்றது?"