ஆங்கிலச் சொல்லின் துல்லியம் என்னும் மயக்கம்

நம் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கில வழியில் அறிவியல் பயில்கின்றனர். அதைக் குறைகூற நாம் முற்படவில்லை. தமிழகத்துக்கு வெளியே பிழைக்க வந்த குடும்பங்களுக்கு வேறு வழி அரிது. ஆயினும், "துல்லியமான கருத்தைத் தமிழில் சொல்ல இயலாது, வரையறை பெற்ற சொல் ஆங்கிலத்தில்தான் உண்டு" என நம்மவரே பெருமிதத்தோடு உரைப்பதை எங்ஙனம் ஏற்பது?

'ரீப்ரொடியூசிபிள்' என்னும் அடைமொழியையே எடுத்துக்கொள்வோம். ஓர் ஆய்வின் முடிவு மறுபடியும் கிட்டத்தக்கது என்பது அதன் பொதுப்பொருள். அளவியலார் இதனை 'ரிப்பீட்டபிள்' என்பதிலிருந்து கண்டிப்பாகப் பிரிப்பர். அதே ஆள், அதே கருவியால், அதே கூடத்தில், குறுகிய காலத்துள் திரும்ப அளந்து ஒத்த விடை பெறுவது பின்னது. ஆளும் கருவியும் கூடமும் மாறிய பின்னரும் விடை ஒத்திருப்பது முன்னது. நல்ல பாகுபாடுதான்.

ஆனால், துறை மாறியதும் நிகழ்ந்தது என்ன? 2019-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கை, அதே தரவையும் அதே கணிப்பு நிரலையும் கொண்டு அதே விடை பெறுவதற்கே இச்சொல்லை வழங்கியது. புதிய தரவு திரட்டி ஒத்த முடிவு காண்பதை 'ரெப்ளிக்கபிள்' என்றது. ஏ.சி.எம். என்னும் கணினியியலார் சங்கமோ அவ்விரண்டையும் தலைகீழாக வழங்கிவந்து, 2020-இல் ஒன்றன் பொருளை மற்றொன்றுக்கு மாற்றி வைத்தது! இதுவோ நம்மவர் போற்றும் துல்லியம்?

தமிழில் இதற்குச் சொல்லில்லையாம். 'கை மாறினும் கிட்டுவது', 'தரவு மாறினும் கிட்டுவது' என்று சொல்லிப் பாருங்கள். எது மாறியது என்பதை 'மாறினும்' என்னும் வினையெச்சம் மறைக்கவிடாது. பள்ளி உயிரியலில் 'ரீப்ரொடக்ஷன்' இனப்பெருக்கம் ஆயிற்றே என்று ஆய்வு முடிவுக்கும் அதையே ஒட்டுவாரை நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இஃது வெறும் சொற்போர் அன்று. 1989 மார்ச்சில் யூட்டாவில் போன்ஸ், ஃபிளைஷ்மன் இருவரும் அறைவெப்பத்திலேயே அணுக்கருப் பிணைவு கண்டதாக அறிவித்தனர், உலகே வியந்தது. பிற கூடங்கள் பல முயன்றும் அவ்விளைவு நம்பத்தக்கவாறு கிட்டவில்லை. 2015-இல் உளவியலாய்வுகள் 100-ஐ மீளச் செய்து வெளியிட்டபோது, மூல ஆய்வுகளுள் 97 விழுக்காடு புள்ளியியல் முறையில் குறிப்பிடத்தக்க முடிவு காட்டியிருக்க, மீளாய்வுகளுள் 36 விழுக்காடே அவ்வாறு காட்டின. 'ஆய்வில் மெய்ப்பிக்கப்பட்டது' என்று மருந்தும் மாவும் விற்க வருவோரிடம், "யார் கையில் கிட்டியது? வேறு எவர் கையில் கிட்டியது?" எனக் கேட்க நம் பிள்ளைக்கு ஆங்கில அகராதி வேண்டுமா?