லிப்ஸ்டிக் குழாயில் பிறந்த நாதம்

என் பெரியம்மாவின் மூன்று பவுன் சங்கிலி அடகுக் கடைக்குப் போகாமல் தப்பியதற்குக் காரணம் அமெரிக்காவில் செய்த லிப்ஸ்டிக் குழாய் என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பமாட்டீர்கள். ஆகையால் நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

பெரியம்மாவுக்குப் பாகூர். புதுவையின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய ஊர். ஏரித் தண்ணீரும் மூலநாதர் கோயிலும் அந்த ஊருக்கு அழகு. போன மாதம் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பெரிய வாக்குவாதம்.

"லட்ச ரூபாயா? தங்கத்திலேயா பண்ணியிருக்கான்?" என்று பெரியம்மா.

"ஆயா, உனக்கு ஒண்ணும் தெரியாது!" என்று பேத்தி.

பேத்தி என்றால் என் அண்ணன் மகள். கல்லூரியில் இரண்டாவது வருஷம் படிக்கிறாள். வில்லியனூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிக்கிறாள். கோயில் திருவிழா என்றால் சினிமாப் பாட்டு. மாதா கோயில் திருவிழா என்றால் கீர்த்தனை. இரண்டுக்கும் அதே கிதார்தான். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன உறவுக்காரப் பையன் ஒருவன் விட்டுப்போன எலெக்ட்ரிக் கிதார் அது. நாலு வருஷம் பரண்மேல் கிடந்து, கம்பியெல்லாம் துருவேறி இவள் கைக்கு வந்தது.

அதன் தலைமாட்டில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. "இது என்னம்மா, காயமா?" என்று கேட்டேன். பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. டேப்புக்கு அடியில் இருந்த பெயர் கிவ்ஸன். கொல்கத்தாவில் தயாராகும் கிதார். அமெரிக்காவில் கிப்ஸன் என்று நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பெரிய கம்பெனி இருக்கிறது. இரண்டுக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். குழுவில் இருக்கும் பையன்களுக்கு அந்த ஓர் எழுத்து போதாதா? மேடைக்கு மேடை கிண்டல்.

"நீங்களே சொல்லுங்க அத்தை. இதை மாட்டிக்கிட்டு நின்னா எல்லாரும் பேரைப் படிச்சுட்டுச் சிரிக்கிறாங்க. ஒரு நல்ல அமெரிக்கன் கிதார் வாங்கிட்டா அப்புறம் யார் பேசுவாங்க?"

நல்ல அமெரிக்கன் கிதார் லட்ச ரூபாயைத் தாண்டும் என்பது வாஸ்தவம். பெரியம்மா வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தாளே தவிர, கழுத்தைப் பார்த்தேன், வெறும் கயிறு. சங்கிலி ஒரு கைக்குட்டையில் முடிந்து சாமி படத்துக்குக் கீழே இருந்தது. பெரியப்பா கடைசியாக வாங்கிக் கொடுத்த நகை அது. திட்டுவது ஒரு பக்கம், கழற்றி வைப்பது ஒரு பக்கம். பாட்டிமார்களே அப்படித்தான்!

அப்போதுதான் எனக்கு டான்எலெக்ட்ரோவின் ஞாபகம் வந்தது.

நாதன் டேனியல் என்று ஒருவர். அமெரிக்காவில் நியூ ஜெர்ஸிக்காரர். 1947இல் கம்பெனி தொடங்கி, தபாலில் சாமான் விற்கும் பெரிய கடைகளுக்கு ஆம்ப்ளிபையர் செய்து கொடுத்தார். 1954இல் கிதாரும் செய்யத் தொடங்கினார். ஸியர்ஸ் என்ற கடை அவற்றை 'ஸில்வர்டோன்' என்று தன் பெயரில் விற்றது. சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை வாங்கக்கூடிய விலையில் கிதார் செய்ய வேண்டும் என்றால் நல்ல மரம் கட்டுப்படி ஆகுமா? மனிதர் என்ன செய்தார் தெரியுமோ? உள்ளே மலிவான மரச் சட்டம்; மேலும் கீழும் ஹார்ட்போர்டு, நம் வீட்டு அலமாரிக்கு முதுகில் அடிக்கிறார்களே, அதே சரக்கு. ஓரம் தெரியாமல் இருக்கச் சுற்றிலும் ரெக்ஸின் மாதிரி ஒரு நாடா.

எலெக்ட்ரிக் கிதாரின் உயிர் 'பிக்கப்' என்ற பாகத்தில் இருக்கிறது. ஒரு காந்தம், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே இரும்புத் தந்தி அதிர்ந்தால் அந்தச் செப்புக் கம்பியில் இம்மியளவு மின்சாரம் ஓடும். ஆம்ப்ளிபையர் அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. நைலான் தந்தி போட்டால் அது ஊமை. இந்தப் பிக்கப்புக்கு ஒரு கூடு வேண்டும். டேனியல் நேரே லிப்ஸ்டிக் குழாய் செய்கிறவர்களிடம் போய்ப் பளபளவென்ற வெற்றுக் குழாய்களை வாங்கி, அதற்குள் காந்தத்தையும் சுருளையும் அடைத்துவிட்டார்! இன்றைக்கும் கிதார்க்காரர்கள் அதை 'லிப்ஸ்டிக் பிக்கப்' என்றுதான் சொல்கிறார்கள்.

வீணைக்குக் குடம் பலாமரமாக இருக்க வேண்டும் என்கிறோம். நியாயம்தான், அங்கே மரம்தான் பாடுகிறது. இங்கே பெரும்பாலும் பாடுவது காந்தமும் கம்பியும். அதனால்தான் அலமாரி முதுகுப் பலகையிலும் நாதம் வந்தது. வந்தது என்ன, தனியாகவே வந்தது! மணி அடித்தாற்போலக் கணீரென்ற குரல். இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால், டார்ச் விளக்கில் பாட்டரியை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுகிற மாதிரி, சப்தம் இன்னும் தடிக்கும். 1962இல் பெட்டியிலேயே ஆம்ப்ளிபையரும் ஸ்பீக்கரும் வைத்துச் சுமார் எழுபது டாலருக்கு ஒரு கிதார் விற்றார்கள். எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அதில் முதல் ஸ்வரம் பழகினார்களோ!

பிள்ளைகள் மட்டுமா? லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ், எந்தக் கிதாரையும் வாங்கக்கூடியவர், மேடையில் சில பாட்டுகளுக்கு என்று ஒரு டான்எலெக்ட்ரோவை வைத்திருந்தார்.

இன்னொரு சங்கதி நமக்குப் பெருமையானது. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிஸன் 1965இல் ஒரு பாட்டில் சிதார் வாசித்தார். மறு வருஷம் ரவிசங்கரிடம் கற்க இந்தியாவுக்கே வந்தார். மேல்நாட்டில் எல்லாருக்கும் சிதார்ப் பைத்தியம்! ஆனால் சிதார் கற்பது லேசா? 1967இல் இதே கம்பெனி 'கோரல்' என்ற பெயரில் எலெக்ட்ரிக் சிதார் ஒன்றைக் கொண்டுவந்தது. பிடிப்பது கிதார் மாதிரி. குதிரையில் மட்டும் ஒரு தந்திரம்: தந்தி அதில் உரசி 'ஜொய்ங்' என்று இரையும். தம்புராவில் நூல் வைத்து ஜீவா சேர்க்கிறோமே, கிட்டத்தட்ட அதே வேலை. பக்கத்தில் கூடவே அதிர்வதற்குப் பதின்மூன்று தந்திகள் வேறு. 1969இல் கம்பெனியை மூடிவிட்டார்கள். பல வருஷங்களுக்குப் பிறகு வேறு ஒரு கம்பெனி அந்தப் பெயரை வாங்கிப் பழைய மாதிரியிலேயே செய்து வருகிறது.

பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். "அதெல்லாம் அமெரிக்கா, அத்தை" என்றாள் கடைசியில்.

சரி, நம் பக்கமே வருவோம் என்று மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸைச் சொன்னேன். 1969இல் ஆந்திரத்துப் பாலகொல்லுவில் பிறந்தவர். கச்சேரிக்கு வந்தபோது சிறு பையன். மாண்டலினா, அதுவும் மின்சாரமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. சாதா மாண்டலினில் ஒலி சட்டென்று அறுந்துவிடும், கமகம் நிற்காது. மின்சாரம் சேர்ந்ததும் நின்றது. இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி இருந்த வாத்தியத்தை ஒற்றைத் தந்தி ஐந்தாக்கிக்கொண்டார். 1998இல் பத்மஸ்ரீ. 2014இல் நாற்பத்தைந்து வயதில் போய்விட்டார் என்பதுதான் தாளவில்லை. அவர் வாத்தியத்தின் கம்பெனிப் பெயரைக் கேட்டு யாராவது கச்சேரிக்கு டிக்கெட் வாங்கினார்களா?

மறுநாள் ஸ்கூட்டரில் இருவருமாக வில்லியனூர் போனோம். குழுவுக்கு ஒலிபெருக்கி வைக்கும் மைக்செட்காரர் கிதாரைத் திறந்து பார்த்தார். ஈயப் பற்று ஒன்று விட்டுப்போயிருந்தது. ஜாக் சொருகும் இடத்தில் பச்சை பிடித்திருந்தது. இரண்டையும் சரிசெய்தார். புதுத் தந்தி போட்டு, குதிரையைக் கொஞ்சம் இறக்கினோம். இத்தனைக்கும் ஆயிரத்து இருநூறு ரூபாய். மூன்று பிக்கப் உள்ள கிதார் அது. கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில் 'இளைய நிலா' மெட்டு குழைந்து வந்தது. குதிரைப் பக்கம் தள்ளினால் குத்துப்பாட்டுக்கு வேண்டிய காரம். நடுவில் வைத்தால் மாதா கோயில் பாட்டுக்கு அடக்கமான குரல். கீபோர்டுக்காரப் பையன் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குள் ஒரு கூத்து. வயர் ஒன்றைச் சுற்ற டேப் தேடிய மைக்செட்காரர், கைக்கு எட்டியதைப் பிய்த்துச் சுற்றிவிட்டார். கிவ்ஸன் என்ற பெயர் பளிச்சென்று வெளியே வந்துவிட்டது! பெண் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் ஒன்று சொல்கிறேன். ஆம்ப்ளிபையரை மூன்று ஊசிப் பிளக்கில்தான் சொருக வேண்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். தந்தியைத் தொட்டுக்கொண்டே நிற்கிற வாத்தியம் அல்லவா? மழை ஒழுகும் பந்தலில் வேண்டவே வேண்டாம்.

ஊருக்குக் கிளம்பும்போது பெரியம்மா கழுத்தில் சங்கிலி இருந்தது. பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தவள், ரகசியமாகக் கேட்டாள்:

"ஏன் கண்ணு, லிப்ஸ்டிக் குழாயெல்லாம் அந்த மனுஷன் எடுத்துக்கிட்டுப் போனானே, அவன் பெண்சாதி ஒண்ணும் கேட்கலியா?"